கணக்கு தெரிந்த பிள்ளை வேண்டுமென்றே தப்பாகப் போடுகிறாள். மாஸ்டரி வகுப்பில் என்ன செய்வது?

குவாத்ர்போர்ன்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். வீட்டுக்காரருக்கு எபேனில் வேலை, மொரீஷியஸ் வந்து 4 வருஷம் ஆகிறது. மகளுக்கு 7 வயது, ஒரு தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் 2ஆம் வகுப்பு. அங்கே கணக்குக்கு மாஸ்டரி முறை. வகுப்பு முழுக்க ஒரே பாடம், எல்லாருக்கும் கைவந்த பிறகுதான் அடுத்தது என்று சேர்க்கும்போதே சொன்னார்கள். அது பிடித்துப்போய்த்தான் சேர்த்தேன். நான் படித்த காலத்தில் புரியாதவளை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. வாய்ப்பாடு தடுமாறினால் முட்டிபோட வேண்டியதுதான்.

இப்போது சிக்கல் மறுபக்கத்திலிருந்து வருகிறது. 20க்குள் கூட்டல் மூன்றாவது வாரமாக நடக்கிறது. இவள் அதை 5 வயதிலேயே தாத்தாவோடு பல்லாங்குழி ஆடி முடித்துவிட்டாள். மிஸ்ஸிடம் கேட்டால், "நாங்கள் வேகமாகப் போவதில்லை, ஆழமாகப் போகிறோம்" என்கிறார். அந்த ஆழம் என்னவென்று நோட்டைப் பார்த்தேன். அதே மாதிரி இன்னும் 10 கணக்கு, கடைசியில் "உனக்கு எப்படித் தெரியும்? எழுதிக் காட்டு" என்று ஒரு வரி. அதற்கு இவள் தமிழில் "எனக்குத் தெரியும்" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

போன வாரம் 10க்கு 4 தப்பு. 8ம் 7ம் 14 என்று போட்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உட்கார வைத்துக் கேட்டேன். "பக்கத்துல இருக்கறவளுக்கு ஆறுதாம்மா சரி வந்துச்சு. எனக்குப் பத்தும் வந்தா அவ அழுவா" என்றாள். கணக்கு இருக்கும் நாளில் மட்டும் காலையில் வயிற்றுவலி வேறு.

ஒரு வகுப்பு மேலே போடச் சொல்லலாமா? 4ஆம் வகுப்புப் புத்தகம் வாங்கி வீட்டில் நடத்தலாமா? டியூஷனா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ராமானுஜன் கதை மட்டும் வேண்டாம், அதைச் சொந்தக்காரர்கள் வாரம் இரண்டு தடவை சொல்கிறார்கள்.

ட்ரியோலே_டியூஷன்சார்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது சிஸ்டர்? 4ஆம் வகுப்புப் புத்தகத்தை வாங்குங்கள், தினம் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். என்ன முறையில் சொல்லிக்கொடுத்தாலும் இந்தத் தீவில் 6ஆம் வகுப்பு முடிவில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பரீட்சை காத்திருக்கிறது. முந்திக்கொண்ட பிள்ளைக்கு அப்போது பயமிருக்காது. என்னிடம் வரும் 3ஆம் வகுப்புப் பையன்கள் நீள் வகுத்தல் போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் இருக்கட்டுமே, ஓய்வு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மோக்கா_தமிழ்மிஸ்

சார் கோபித்துக்கொள்ள வேண்டாம். "சும்மா உட்கார்ந்திருக்கட்டும்" என்பதுதான் இங்கே வியாதியே. பிள்ளை சும்மாவா உட்கார்ந்திருக்கிறது? தப்பாகப் போடக் கற்றுக்கொண்டிருக்கிறது.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் எடுப்பவள், 20 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 6ஆம் வகுப்பு முடிவில் வைத்த பழைய சிபிஇ பரீட்சைக் காலத்தையும் பார்த்தேன், 2017இல் அதன் இடத்துக்கு பிஎஸ்ஏசி வந்ததையும் பார்த்தேன். பெயர் மாறியது, பெற்றோரின் பதற்றம் பெரிதாக மாறவில்லை. 3ஆம் வகுப்பில் நீள் வகுத்தல் போடும் உங்கள் பையன்களில் சிலர் என் வகுப்பிலும் இருந்திருப்பார்கள். "84 ரூபாயை 6 பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு 14. அப்படியானால் 12 பேருக்குப் பிரித்தால்?" என்று ஒருவனிடம் கேட்டேன். பென்சிலை எடுத்து மறுபடி முதலிலிருந்து வகுக்க ஆரம்பித்தான். 14இல் பாதி 7 என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. புத்தகத்தில் இரண்டு வகுப்பு முந்திவிட்டான், எண்ணைப் பார்க்கும் கண் இன்னும் வரவில்லை.

அம்மாவுக்கு ஒன்று. "எழுதிக் காட்டு" என்றால் உங்கள் மகள் ஏன் எழுதவில்லை? இங்கே பிள்ளைகள் வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசுகிறார்கள், பாடப்புத்தகம் ஆங்கிலம், மிஸ் விளக்குவது பாதி பிரெஞ்சு பாதி கிரியோல். காரணத்தை ஆங்கிலத்தில் எழுது என்றால் எந்தக் கெட்டிக்காரப் பிள்ளையும் ஊமையாகிவிடும். எத்தனையோ பிள்ளைகள் வாயால் சொன்னால் அற்புதமாகச் சொல்லும், தாளில் வெற்றிடம். அந்தத் தாளை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால் கெட்டிக்காரர்கள் வரிசையில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே நிற்பார்கள். உங்கள் மகளிடம் தமிழில் கேட்டுப் பாருங்கள். அவள் சொல்வதை நீங்கள் எழுதிப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

லீட்ஸ்_ரோஸ்ஹில்

நான் பிறந்தது ரோஸ் ஹில். இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக 9 வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். அங்கே மாஸ்டரி அலை எழுந்தபோது வகுப்பறையில் நின்றவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாஸ்டரி என்ற யோசனைக்கு வயது அதிகம். 1920களிலேயே அமெரிக்காவில் வினெட்கா என்ற ஊரில் கார்ல்டன் வாஷ்பர்ன் பிள்ளைகளை அவரவர் வேகத்தில் போகவிட்டார். ஒரு பாடம் முழுதாகக் கைவந்த பிறகே அடுத்தது, ஆனால் முடித்தவன் மற்றவனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1968இல் பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் அதை முழு வகுப்புக்கு ஏற்ற மாதிரி அமைத்தார். ஒரு பாடம் நடத்து, சின்னச் சோதனை வை. வராதவர்களுக்கு வேறு வழியில் திரும்பச் சொல்லிக்கொடு. அந்த நேரத்தில் வந்தவர்களுக்கு வளமான வேறு வேலை கொடு. இரண்டாவது பாதியைக் கவனியுங்கள். வந்தவர்களுக்கான வேலை புளூம் முறையின் ஒரு கால். பல பள்ளிகள் அந்தக் காலை வெட்டிவிட்டு நொண்டியடிக்கின்றன.

இங்கிலாந்தில் 2014இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டமும் இதையேதான் சொல்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகட்டும், சட்டென்று பிடித்துக்கொள்கிறவர்களுக்குப் புதுப் பாடத்தை அவசரமாகத் திறப்பதற்கு முன் செறிவான, கடினமான கணக்குகளைக் கொடு என்கிறது. அங்கேயும் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு "எல்லாரும் ஒரே பக்கம்" என்று சொன்ன பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். நானே முதல் வருஷம் அந்தத் தப்பைச் செய்தேன். முடித்தவனை "பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடு" என்று அனுப்பிவிடுவேன். ஒரு பையன் ஒரு நாள், "எனக்குச் சம்பளம் எப்போ சார்?" என்று கேட்டான். அதோடு விட்டேன்.

சரி, செறிவான கணக்கு என்றால் என்ன? அதே மாதிரி இன்னும் 10 என்பது ஆழமே இல்லை, அது அகலம். 20க்குள் கூட்டலை வைத்தே எவ்வளவு தோண்டலாம் என்று பாருங்கள். இதில் 10க்கு மேல் போகவே வேண்டாம்.

5 பாட்டில் மூடி எடுங்கள். 1 முதல் 5 வரை எழுதுங்கள். தரையில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி அடுக்க வேண்டும், அடியில் ஒன்று, இரண்டு கையிலும் இரண்டிரண்டு. அடி மூடியையும் சேர்த்து இடது கையின் கூட்டலும் வலது கையின் கூட்டலும் சமமாக வர வேண்டும்.

2ஆம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு விடையாவது கிடைத்துவிடும். அடியில் 1 வைத்தால் 2ம் 5ம் ஒரு பக்கம், 3ம் 4ம் மறுபக்கம். சாதாரணப் பிள்ளைக்கு அங்கேயே நல்ல கூட்டல் பயிற்சி. உங்கள் மகள் அங்கே நிற்கக்கூடாது. "வேறு விடை உண்டா? எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாயா? இனி இல்லை என்று எப்படிச் சொல்வாய்?" என்று கேளுங்கள். அடியில் 1, 3, 5 வரும், 2ம் 4ம் வரவே வராது. ஏன்? வகுப்பு முழுக்க ஒரே மூடிகள்தான், ஒருத்திக்கு அது கூட்டல், இன்னொருத்திக்கு நிரூபணம். இதுதான் நான் அறிந்த மாஸ்டரி.

ஏன் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். இரண்டு நாள் ஆகட்டும்.

ஜோபர்க்_அப்பா

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், நான் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறேன், சொந்த ஊர் கோவில்பட்டி. ஒரு வகுப்பு மேலே போடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் பையனை அப்படிப் போட்டோம், 2ஆம் வகுப்பிலிருந்து நேராக 4.

முதலில் நல்லது. வகுப்பு தாண்டிப் போட்ட பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் சாதகமாகத்தான் இருக்கின்றன. 1971இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி தொடங்கிய ஆய்வு அவற்றில் பெரியது. என் பையனுக்கும் படிப்பில் எந்தக் குறையும் வரவில்லை. ஒரு மாதத்தில் கணக்கில் மறுபடியும் முதல் ஆள்.

கெட்டது, மறுபடியும் முதல் ஆள் என்பதுதான். பாடம் மாறியதே ஒழிய அலுப்பு திரும்பி வந்துவிட்டது. கணக்கில் 5ஆம் வகுப்புத் தலை, கையெழுத்தில் 2ஆம் வகுப்பு விரல், விளையாட்டு மைதானத்தில் எல்லாரையும்விடக் குட்டை. இங்கே ஒவ்வொரு பருவத்துக்கும் என்ன நடத்த வேண்டும் என்று அட்டவணையே இருக்கிறது, ஆசிரியர் நினைத்தாலும் நகர இடம் குறைவு. அதனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்குக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்கார வைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். நாங்கள் கேட்கத் தெரியாமல் முழுதாகத் தூக்கிப் போட்டுவிட்டோம்.

ட்ரியோலே_டியூஷன்சார்

மூடி அடுக்குவது, கதை சொல்வது எல்லாம் சரி. ஆனால் நீங்கள் கொண்டாடும் இந்த மாஸ்டரிக்குச் சிங்கப்பூர்தானே பெரிய உதாரணம்? தொட்டுப் பார், படம் போடு, பிறகு எண்ணாக எழுது என்பதெல்லாம் அங்கே பேர் வாங்கியதுதானே? அந்தச் சிங்கப்பூரே கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்துப் பொறுக்கித் தனியாகப் படிக்க வைத்தது. அவர்களுக்கே ஒரே வகுப்பு போதவில்லை என்றுதானே அர்த்தம்?

லீட்ஸ்_ரோஸ்ஹில்

நல்ல கேள்வி சார், இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். ஆமாம், 1984இல் தொடங்கினார்கள். 3ஆம் வகுப்பில் சோதனை, ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பிள்ளையை எடுத்து 4ஆம் வகுப்பிலிருந்து சில குறிப்பிட்ட பள்ளிகளில் தனி வகுப்பு. 40 வருஷம் ஓட்டினார்கள். 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங் தேசிய தினப் பேரணி உரையில் அந்த வடிவத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தார். இனி ஒவ்வொரு ஆரம்பப் பள்ளியும் தன் பிள்ளைகளில் திறமை உள்ளவர்களைத் தானே கண்டுபிடித்துத் தன்னிடமே வளர்க்க வேண்டும், இன்னும் தேவைப்படுகிறவர்களுக்குப் பக்கத்துப் பள்ளியில் பள்ளி நேரத்துக்குப் பிறகு கூடுதல் வகுப்பு. அந்தச் சோதனைக்கே பிள்ளைகளைத் தயார்செய்யும் டியூஷன் அங்கே ஒரு தொழிலாகிவிட்டிருந்தது, அது உங்களுக்குத் தெரியாததா!

ஆனால் உங்கள் பேச்சில் ஒரு உண்மை இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு மூடி அடுக்குவது போதாது. ஆயிரத்தில் ஒன்றாக வரும் பிள்ளையை ஆழம் ஆழம் என்று சொல்லியே கட்டிப்போடுவது அநியாயம். அதற்கு வழி, பாடம் தொடங்குவதற்கு முன்பே சோதனை வைப்பது. பாடம் முடிந்து வைத்து என்ன பயன்? முன்பே முக்கால்வாசி தெரிந்தால், தெரியாத கால்வாசியை மட்டும் நடத்திவிட்டு மிச்ச நேரத்தை வேறு பெரிய வேலைக்குக் கொடுக்கலாம். ஜோசப் ரென்சுல்லி என்ற அமெரிக்கர் பல வருஷமாக இதைத்தான் சொல்லிவந்தார். ஆசிரியருக்குக் கூடுதல் வேலைதான், ஆனால் புதுப் புத்தகமோ புதுக் கட்டடமோ வேண்டாம்.

அம்மா, பள்ளிக்குப் போகும்போது "என் பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரி" என்று தொடங்காதீர்கள். எந்த ஆசிரியரும் அதைக் கேட்டதும் கதவைச் சாத்திக்கொள்வார், நானும் சாத்தியிருக்கிறேன். நோட்டைக் கொண்டுபோங்கள். தப்பாகப் போட்ட அந்த 4 கணக்கைக் காட்டி, அவள் சொன்ன காரணத்தையும் சொல்லுங்கள். "அடுத்த பாடத்துக்கு முன்னாடி ஒரு சின்னச் சோதனை வைக்க முடியுமா?" என்று மட்டும் கேளுங்கள்.

போபாசாங்_கோலம்

நான் டீச்சர் இல்லை, ஓய்வுபெற்ற நர்ஸ். எங்கள் முன்னோர் கரும்புக்கு வந்தவர்கள், தமிழ் நான் கோயிலிலும் பள்ளியிலும் படித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என் பேரன் இந்தப் பெண் மாதிரியே. தைப்பூசத்துக்கு முந்தின நாள் நான் வாசலில் கோலம் போட்டேன், 5 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி. நடுவில் 5, மேலும் கீழும் 3, அப்புறம் 1. மொத்தம் 13 புள்ளி என்று அவன் ஒரு பார்வையில் சொல்லிவிட்டான். நான் கேட்டேன், எண்ணினாயா என்று. இல்லை என்றான். தலையைச் சாய்த்துக் காட்டி, "சாய்வா பாருங்க பாட்டி. 3 வரிசையில மூணு மூணு, நடுநடுவுல 2 வரிசையில ரெண்டு ரெண்டு. ஒம்பதும் நாலும்" என்றான். 60 வருஷமாகக் கோலம் போடுகிறேன், எனக்கு அது தெரியவே இல்லை! 7 புள்ளிக்கு என்ன என்று கேட்டேன். போடாமலே 16ம் 9ம் 25 என்றான். வாசலில் போட்டு எண்ணிப் பார்த்தேன், 25தான்.

இதை அவன் மிஸ்ஸிடம் காட்டினான். அவர் கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்து வகுப்பு முழுக்கக் காட்டினாராம். அந்த ஒரு வாரம் பையன் பள்ளிக்கு ஓடினான். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மோக்கா_தமிழ்மிஸ்

அம்மா, உங்கள் தமிழில் ஒரு பிழையும் இல்லை. இந்தக் கோலத்தை நாளைக்கே என் வகுப்பில் போடப்போகிறேன்.

எண்ணுக்கு இன்னொன்று, இந்தத் தீவுப் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் கிடைப்பது. 80க்குத் தமிழில் எண்பது, எட்டுப் பத்து. பிரெஞ்சில் அது 'நாலு இருபது'. 92 என்றால் பிரெஞ்சில் 'நாலு இருபது பன்னிரண்டு'. கிரியோலிலும் அப்படியே. "எந்த மொழியில எண்ணினா சீக்கிரம் புரியும், ஏன்?" என்று 3ஆம் வகுப்பில் கேட்டேன். அரை மணி நேரச் சண்டை. ஒரு பெண் குழந்தை எழுந்து, "தமிழ்ல 90 மட்டும் ஏமாத்துது மிஸ், ஒன்பதுல வர்ற பத்துன்னு சொல்லாம நூறுகிட்டப் போயி தொண்ணூறுன்னு நிக்குது" என்றாள். அவளுக்குப் பரீட்சையில் 60க்கு மேல் வந்ததே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை யார் என்று நாம் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருப்பதில் எனக்கு இருக்கும் சந்தேகம் இதனால்தான்.

குவாத்ர்போர்ன்_அம்மா

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி.

பள்ளிக்கு நோட்டோடு போனேன். மிஸ் முதலில் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தார். தப்பாகப் போட்ட காரணத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. பக்கத்துப் பிள்ளை அழுவது அவருக்கும் தெரிந்திருக்கிறது, இவள் அதற்காகத் தப்புப் போடுவது தெரியவில்லை. கழித்தலுக்கு முன்னால் சோதனை வைக்கச் சம்மதித்தார். வாரத்தில் இரண்டு நாள் இவளுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் வேறு வேலை கொடுக்கிறார். ஒரு வகுப்பு மேலே போடும் பேச்சை இப்போதைக்கு எடுக்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மற்ற மூன்று நாளும் அதே 10 கணக்குதான்.

மூடி விஷயம்தான் சொல்ல வந்தேன். முதல் நாள் 5 நிமிஷத்தில் மூன்று விடையும் கண்டுபிடித்துவிட்டாள். ஏன் 2 வராது என்று கேட்டதற்கு "வராது, அவ்வளவுதான்" என்றாள். விட்டுவிட்டேன். மறுநாள் சாப்பிடும்போது தானாகச் சொன்னாள். "எல்லாத்தையும் கூட்டினா 15. அடில இருக்கறதை எடுத்துட்டா மிச்சத்தை ரெண்டு கைக்கும் சமமாப் பிரிக்கணும். 2 எடுத்தா 13, அதைப் பிரிக்க முடியாதும்மா." எனக்குக் கையில் சோறு அப்படியே நின்றுவிட்டது. அதைத் தமிழிலேயே எழுதி, கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டு அனுப்பினேன்.

அதோடு நிற்கவில்லை. "அடியில எப்பவும் ஒற்றை எண்தான் வரும்" என்று சட்டம் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டாள். அப்பா இன்னும் இரண்டு மூடி கொடுத்து, 7 வரை போட்டுப் பார் என்றார். அடியில் 1 வைத்தாள், வரவில்லை. 3 வைத்தாள், வரவில்லை. மூடியெல்லாம் சோபாவுக்கு அடியில் பறந்தன. கணக்கில் இவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "சரி விடு" என்று சொல்ல வாயெடுத்தேன், வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினார். 10 நிமிஷம் கழித்து அவளே போய்ப் பொறுக்கி வந்தாள். அடியில் 4 வைத்து, ஒரு கையில் 1, 5, 6, மறுகையில் 2, 3, 7. சுவரில் இருந்த காகிதத்தைக் கிழிக்கவில்லை. "அஞ்சு மூடிக்கு மட்டும்" என்று மேலே எழுதிவிட்டாள்.

வயிற்றுவலி இந்த வாரம் ஒரு நாள் மட்டும்.

ட்ரியோலே_டியூஷன்சார்

சிஸ்டர், ஒத்துக்கொள்கிறேன், நேற்று என் பையன்களுக்கு இந்த 7 மூடியைக் கொடுத்தேன். நீள் வகுத்தல் போடுகிறவர்கள் முக்கால் மணி நேரம் முழித்தார்கள். டியூஷனை நிறுத்த மாட்டேன், அது என் பிழைப்பு. ஆனால் மூடி வாங்கி வைத்திருக்கிறேன்.

லீட்ஸ்_ரோஸ்ஹில்

அந்த "அஞ்சு மூடிக்கு மட்டும்" காகிதத்தைப் படம் எடுத்து வையுங்கள் அம்மா. 9 மூடி கொடுக்கும்போது அடியில் ஒற்றையா இரட்டையா என்று முதலிலேயே ஊகித்து எழுதச் சொல்லுங்கள், பிறகு அடுக்கட்டும். விடையை இங்கே யாரும் போட்டுவிடாதீர்கள், அவள் அப்பா படிக்கிறார்.

குவாத்ர்போர்ன்_அம்மா

படிக்கிறார், ஆனால் மாட்டிக்கொண்டது நான்தான். அவள் ஏற்கெனவே ஊகித்து மடித்து வைத்துவிட்டாள், "நீயும் எழுதும்மா, அப்புறம் ஒண்ணாத் திறப்போம்" என்கிறாள். நான் இன்னும் எழுதவில்லை.